சார் வீட்டு மின்வாரியம்

ஓய்வு பெற்றதும் சிலர் காசிக்குப் போவார்கள். சிலர் மகன் வீட்டுக்குப் போய்ப் பேரனை வேனில் ஏற்றிவிடுவார்கள். பிசிக்ஸ் சார் மொட்டை மாடிக்குப் போனார்.

டெல்டாவில் ஒரு சிறு நகரம். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் காலமெல்லாம் ஓம் விதி நடத்தியவர் என்பதால் தெருவுக்கே அவர் பிசிக்ஸ் சார்தான். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வீட்டு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர் எழுதும் கட்டுரை இது. ஆகவே இதில் குடித்தனக்காரருக்கே உரிய கொஞ்சம் பயமும் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை.

சார் மாடி ஏறியதற்குக் காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்த அந்தப் புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைப் பதம் பார்த்துவிட்டுப் போனது. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றி வந்து, தெருத்தெருவாக நிறுத்தி, மணிக்கு இவ்வளவு என்று ரேட் பேசி மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். செல்போனுக்குச் சார்ஜ் போடவும் காசு. தென்னந்தோப்பே சாய்ந்து போனவர்களின் இழப்புக்கு முன்னால் இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று சாருக்கும் தெரியும். ஆனாலும் ஊருக்கே மின்னியல் சொல்லிக்கொடுத்தவர், கையில் செத்த செல்போனோடு பழைய மாணவன் ஒருவனின் ஜெனரேட்டர் முன்னால் வரிசையில் நின்றது மனசில் தைத்துவிட்டது. 'இருபது ரூபாய் சார்' என்று அவன் சொன்னபோது அந்த 'சார்' கூடுதலாகத் தைத்தது.

அதற்கு முந்தைய தழும்பு 2012. சென்னைக்கு இரண்டு மணி நேரம், மற்ற ஊர்களில் பத்து மணி நேரத்தையும் தாண்டி மின்வெட்டு என்றிருந்த காலம். அப்போது சாருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கரண்ட் போன உடனே கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு, 'எப்ப வரும்?' என்பார். 'வரும் சார்' என்பார்கள். 'அதான் எப்ப?' என்பார். அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். 'ஒரு நேரம் காலம் சொல்லத் தெரியாதா இவங்களுக்கு?' என்று சார் திண்ணையில் உட்கார்ந்து பனை விசிறியோடு பேசிக்கொண்டிருப்பார். இந்த வசனத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தது. கூரையில் ஒரு கிலோவாட்டுக்குப் பேனல் போட்டால் 30,000 ரூபாய் மானியம், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000. சார் மூன்று போட்டார். பேனல் தெற்குப் பார்த்து, பதினோரு டிகிரி சாய்வாக இருக்க வேண்டும் என்றான் மாட்டவந்த பையன். பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்களுக்குச் சூரியன் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கே சாய்ந்துதான் போகும். சாய்வு ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகை. இதைக் கரும்பலகை இல்லாமலேயே சார் விளக்கி முடித்தபோது, மாமியார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: 'எமதிசை.'

அதைவிடப் பெரிய வழக்கு வடாத்தால் வந்தது. மொட்டை மாடியில் வடாத்துக்கும் வத்தலுக்கும் பரம்பரைப் பாத்தியதை உண்டு. இப்போது வெயில் விழும் இடமெல்லாம் பேனல். மிச்சமிருந்தது அதன் நிழல். 'ஊர் வெயில் பூரா உங்க கண்ணாடி குடிச்சிட்டா, என் கூழ்வடாம் எங்கங்க காயும்?' என்று வீட்டம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. சாருக்கும் ஒரு குறை இருந்தது. ஒரு நாள் காலை பத்து மணிக்குச் செல்போன் செயலியில் உற்பத்தி திடீரென்று சரிய, அவர் படியேறி ஓடினார். கொடியில் காய்ந்த எட்டு முழ வேட்டியின் நிழல் பேனலின் ஓரத்தில் விழுந்திருந்தது. பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு ஓரம் இருண்டாலும் அந்த வரிசையே முடங்கும். வேட்டி அவருடையதுதான் என்பதால் விசாரணை அத்துடன் நின்றது.

சித்திரை வெயிலில் பேனல் பிய்த்துக்கொண்டு தரும் என்று நினைத்திருந்த குடித்தனக்காரருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் செல் சூடாக ஆக, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். கத்திரியில் கூரைமேல் கிடக்கும் பேனல் 60 டிகிரியைத் தாண்டும். நமக்கெல்லாம் இயற்கையாக இருக்கும் இந்தக் குணத்தை இயற்பியல் இவ்வளவு துல்லியமாக அளந்து வைத்திருக்கிறது.

எப்படியோ, மூன்று கிலோவாட்டில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு யூனிட் வந்தது. வீட்டுக்குப் போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போனது. இரண்டு மாத பில்லில் 'ஏற்றுமதி' என்று ஒரு கணக்கு ஏறியது. வாழ்நாளில் ஒரு மூட்டை நெல்கூட ஏற்றுமதி செய்யாத சார், அந்த பில்லை லேமினேட் செய்து வைத்தார்.

பிறகு அந்த அறிவிப்பு பேப்பரில் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது. சார் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டு, 'நாளைக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. ஃபேன் ஓடும், டிவி ஓடும்' என்றார். மறுநாள் ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. சார் வீட்டிலும் போனது. வானத்தில் ஒரு மேகம் இல்லை. நாலு பேரும் வந்து வியர்த்துக்கொண்டு மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மாட்டிய பையனிடம் போனில் கேட்டபோது, 'சார், இது ஆன்கிரிட். அப்படித்தான் சார்' என்றான். விஷயம் உண்மையில் அப்படித்தான். ஆன்கிரிட் இன்வெர்ட்டர் தனியாகக் கச்சேரி செய்யாது. தெருக் கம்பியில் வரும் அலையின் சுருதியைப் பிடித்துக்கொண்டு பின்பாட்டுப் பாடும். சுருதி நின்றால் இரண்டு நொடிக்குள் தானும் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது விதி. லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிக் கை வைக்கும் லைன்மேன் உடம்பில், சார் ஏற்றுமதி செய்யும் யூனிட் இறங்கிவிடக் கூடாதல்லவா? வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு கேள்விதான் கேட்டார்.

'அப்ப, கரண்ட் இருந்தாத்தான் இது கரண்ட் கொடுக்கும்?'

'ஆமா.'

'அப்பத்தான் ஏற்கெனவே கரண்ட் இருக்குமே?'

சார் வகுப்பில் இப்படி ஒரு கேள்வியை எதிர்கொண்டதில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 28 அவருக்கு ஒரு ஆறுதலைக் கொண்டுவந்தது. அன்று நண்பகல் 12.33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒட்டுமொத்தமாக இருட்டின. ஸ்பெயினில் ஐந்து நொடியில் 15,000 மெகாவாட் மறைந்தது. சுள்ளென்ற வெயில், அந்த நேரத்தில் ஸ்பெயினின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் சூரியனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கூரையில் பேனல் வைத்திருந்தும் பேட்டரி இல்லாதவர்கள், மற்ற எல்லோரையும் போல பேட்டரி ரேடியோ தேடிக் கடைகடையாக அலைந்தார்கள். 'பாத்தியா, ஐரோப்பாவிலேயே இதான் கதி' என்று சார் பேப்பரை விரித்துக் காட்டினார். இரண்டு நாடுகள் தன்னோடு சேர்ந்து வியர்த்ததில் அவருக்குக் கிடைத்த திருப்தி கொஞ்சம் அதிகம்தான்.

இலங்கைக் கதை இன்னும் சுவாரசியம். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை துணை மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். நுரைச்சோலை அனல்மின் நிலையம் படுத்துவிட, அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு. அதோடு முடியவில்லை. அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருக்க, வெயில் மட்டும் வேலைக்கு வரும் என்பதால், கூரையில் பேனல் வைத்திருப்பவர்கள் பகலில் அதை அணைத்து வைக்க வேண்டும் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்சாரம் போதவில்லை என்று வாங்கிய சாமானை, மின்சாரம் மிஞ்சுகிறது என்று அணைக்கச் சொன்ன காட்சி.

ஆக, பேட்டரி வேண்டும். மானியம் பேனல் கணக்கில்தான். பேட்டரிக்கென்று தனியாகக் கிடையாது. வீட்டம்மாவிடம் நிதி கேட்கப் போனபோது சார் போர்ட்டோ ரிக்கோவைத் துணைக்கு அழைத்தார். 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவின் மின்கம்பிகளைத் துவைத்துப் போட்டது; கடைசி வீடு வரை கரண்ட் போய்ச் சேர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. ஆனால் அட்ஹுன்டாஸ் என்ற மலை ஊரில் காசா புவேப்லோ என்ற சமூக அமைப்பின் கட்டடத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. 1999லேயே சோலார் போட்டவர்கள். ஊர்க்காரர்கள் மருத்துவக் கருவிகளையும் செல்போன்களையும் தூக்கிக்கொண்டு அங்கே போனார்கள். 'காசா?' என்று வீட்டம்மா கேட்டார். 'பேரு அது. நமக்குத்தான் காசு' என்றார் சார். வைப்பு நிதி ஒன்று முதிர்வுக்கு முன்பே முறிக்கப்பட்டது.

மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பழைய யூ.பி.எஸ். பேட்டரி இருந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி. பெருக்கினால் 1.8 யூனிட். ஆனால் ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி உறிஞ்சினால் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரின் தரகும் போக, கைக்கு ஒரு யூனிட் தேறினால் அதிர்ஷ்டம். தவிர டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்தால் கோபித்துக்கொள்ளும். எனவே ஐந்து யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்றும், தெருவில் சுருதி நின்றாலும் வீட்டுக்குள் கச்சேரியைத் தொடரும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்றும் வந்து இறங்கின.

அன்றிலிருந்து சார் வேறு ஆள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டது. பழைய ஃபேன் 75 வாட், புது பி.எல்.டி.சி. ஃபேன் 30. எல்.இ.டி. பல்பு 9. வைஃபை 10. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட்டுக்குள். மிக்ஸி 750, ஆனால் ஐந்து நிமிடத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன், 746 வாட். கிளம்பும் அந்த ஒரு கணத்தில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். அயர்ன் பாக்ஸ் 1000, கீசர் 2000, ஏசி 1500: இந்த மூன்றின் எதிரிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. தனித் தனியாக வயர் இழுத்து, எந்த ரூமுக்கு பேட்டரி, எந்த ரூமுக்கு இல்லை என்று பிரித்தபோது குடும்பத்தில் எழுந்த பேச்சுவார்த்தை காவிரிப் பங்கீட்டுக்குச் சளைத்ததல்ல. பூஜை அறையைப் பட்டியலில் சேர்க்காததற்கு மாமியார் ஒரு வேளை சாப்பிடவில்லை. மாடிப் போர்ஷனுக்கு ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வந்தது: ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு செல்போன். மிஞ்சினால் இணைப்பு துண்டிக்கப்படும்.

அடுத்த பராமரிப்பு நாளில் ஆட்சி அமலுக்கு வந்தது. காலை 7 முதல் 7.15 வரை சட்னி. கிரைண்டர், பகல் பதினோரு மணிக்கு மேல், வெயில் நேராக விழும்போது. மோட்டார் போடுமுன் கிரைண்டரை நிறுத்த வேண்டும். யாரோ நிறுத்தவில்லை, இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு மயங்கி விழுந்தது. உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார்: 'ஏங்க, எப்ப வரும்?'

'வரும்' என்றார் சார்.

'அதான் எப்ப?'

'லோடு ஜாஸ்தி. பாத்துக்கிட்டிருக்கோம்' என்று சார் சொன்னார். பாத்துக்கிட்டிருக்கோம் என்ற அந்தப் பன்மையை மாடிப்படியில் நின்ற குடித்தனக்காரர் தன் காதால் கேட்டார்.

மின்திருட்டும் நடந்தது. ஒரு மாலை மின்வெட்டில் செயலியில் திடீரென்று ஆயிரம் வாட் ஏறியது. சார் அறை அறையாகச் சோதனை போட்டதில், மறுநாள் இன்டர்வியூவுக்குப் போகவேண்டிய மகன் கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைக்கு அயர்ன் போட்டுக்கொண்டிருந்தான். அபராதம் விதிக்கப்படவில்லை, ஆனால் சட்டையில் ஒரு கை கசங்கியபடியே இன்டர்வியூவுக்குப் போனது.

இந்த ஏற்பாட்டின் உண்மையான பலவீனம் ஐப்பசியில் தெரிந்தது. டெல்டாவைப் புயல் தேடி வருவது வடகிழக்குப் பருவமழையில். அப்போதுதான் கரண்ட் போகும்; அப்போதுதான் சூரியனும் போகும். மூட்டம் கட்டிவிட்டால், நல்ல வெயிலில் வருவதில் கால் பங்கு வந்தாலே பெரிது. ஐந்து யூனிட் பேட்டரி ஒரு ராத்திரிக்குத் தாராளம், இரண்டு ராத்திரிக்கு இழுபறி, மூன்றாவது ராத்திரிக்குப் பிரார்த்தனை. இதைச் சொல்லி விற்கும் கடைக்காரரைக் குடித்தனக்காரர் இதுவரை பார்த்ததில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. பேட்டரியில் 84 சதவீதம். நாளைக்கும் வெயில் இருக்காது என்று வானிலை அறிக்கை சொல்ல, சார் நெருக்கடி நிலையை அறிவித்தார். ஃபிரிட்ஜும் ஒரே ஒரு ஃபேனும் தவிர எல்லாம் நிறுத்தம். மாடிப் போர்ஷன் இணைப்பு துண்டிப்பு. சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்களும் அடைப்பு. ஹாலில் மாமியாரின் அகல் விளக்கைச் சுற்றிக் குடும்பமும் குடித்தனக்காரரும் உட்கார்ந்திருக்க, சார் மட்டும் செல்போன் வெளிச்சத்தில் சதவீதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்று. எண்பத்து மூன்று. எண்பத்து மூன்றிலேயே நிற்கிறது, எவ்வளவு சிக்கனம் பார் என்றார்.

கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பையன் குடையோடு நின்றான்.

'சார், கரண்ட் வந்து அரை மணி நேரமாச்சு. உங்க வீட்ல மட்டும் ஏன் சார் இருட்டா இருக்கு? பீஸ் போயிடுச்சான்னு எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க.'

அவன் தோளுக்குப் பின்னால் தெரு பளபளவென்று எரிந்தது. சார் செல்போனை இன்னொரு தரம் பார்த்தார். வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டார்.