ஒன்றரைக் கட்டை

விஜயதசமி அன்று பாட்டு டீச்சர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தாலே போதும், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். பட்டாம்பூச்சி ஒட்டிய குட்டிச் செருப்பு பத்து ஜோடி. அந்தக் குட்டிகளை இழுத்து வந்த அம்மாக்களுடையது பத்து ஜோடி. இவற்றோடு சேராமல், சுவரோரமாக, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக விடப்பட்ட எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி. சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற ரகம். அதன் சொந்தக்காரர்தான் நம் நாயகர்.

நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், ஸ்ரீரங்கம் என்று எந்த ஊரில் தேடினாலும் கிடைப்பார். முப்பத்தைந்து வருஷம் ஏதாவது ஒரு வங்கியில் கூட்டல் கழித்தல் பார்த்தவர். பென்ஷன் தவறாமல் வருகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பையன் டல்லாஸில். சின்ன வயதில் வீட்டில் அக்காவுக்குப் பாட்டு வாத்தியார் வந்தார். இவர் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். ஆம்பிளைப் பிள்ளைக்குப் பாட்டு எதற்கு, கணக்குப் போடு என்று விரட்டிவிட்டார்கள். கணக்கெல்லாம் போட்டு முடித்தாகிவிட்டது. அந்தப் பழைய பாக்கியை வட்டியும் முதலுமாக வசூலிக்கக் கிளம்பியிருக்கிறார்.

எங்கள் பேட்டையில் இருப்பவரை எனக்கு என் பெண் மூலமாகத்தான் தெரியும். அவளை ஏழு வயதில் சேர்த்த அதே நாள் அவரும் சேர்ந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், கவரில் தட்சிணை. எல்லாக் குழந்தைகளும் டீச்சருக்கு நமஸ்காரம் செய்தார்கள். இவர் முறை வந்தபோதுதான் சிக்கல். டீச்சருக்கு வயது 27. இவருக்கு 63. குருவுக்கு வயது ஏது என்று இவர் குனிய, “ஐயோ மாமா, என்ன இது!” என்று டீச்சர் பதறி எழுந்து இவர் காலில் விழ, சிஷ்யர் குருவுக்கு அட்சதை போட்டு ஆசீர்வாதம் செய்ய, வகுப்பு சுபமாகத் தொடங்கியது.

அடுத்த சிக்கல் முழங்கால். தரையில் சம்மணம் போட முடியாது. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. குரு பாயில், சிஷ்யர் நாற்காலியில். சாஸ்திர விரோதம் என்று இரண்டு வாரம் புழுங்கிவிட்டு, மூன்றாம் வாரம் டீச்சருக்கு ஒரு தடித்த மெத்தை வாங்கி வந்து கொடுத்தார். இப்போது உயர வித்தியாசம் நாலு அங்குலம் குறைந்திருக்கிறது.

முதல் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் ‘ஸா’ பிடித்துக்கொண்டிருக்க, இவர் கேட்ட முதல் கேள்வி: “எனக்கு எத்தனை கட்டை, டீச்சர்?” ஸ்ருதிப்பெட்டியை ஏற்றி இறக்கிப் பார்த்து டீச்சர் சொன்னார்: “ஒன்றரை.” அன்று சாயங்காலமே பார்க்கில் வாக்கிங் கோஷ்டிக்கு விஷயம் போய்விட்டது. அந்தக் கோஷ்டியில் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று சர்க்கரை அளவைச் சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். அந்த வரிசையில் இவர் மட்டும், “எனக்கு ஒன்றரை” என்றார். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் குறைவாக இருப்பது நல்லதுதானே என்று பாராட்டினார்கள்.

வீட்டில் அளவெடுப்பு இன்னும் மும்முரம். போனில் ஸ்ருதி காட்டும் செயலியை இறக்கிக்கொண்டு, மிக்ஸியில் ஆரம்பித்து, மேல்மாடி மோட்டார் வரைக்கும் எது எத்தனை கட்டை என்று குறித்து வைத்திருக்கிறார். மாமிக்கு இதில் ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: “மிக்ஸி ஸ்ருதி விலகறதே இல்லை.”

சங்கீதம் கற்கும் எல்லாரும் தொடங்குவது மாயாமாளவகௌளையில். புரந்தரதாசர் 16-ஆம் நூற்றாண்டில் போட்டுக்கொடுத்த பாதை என்பார்கள். குழந்தைகள் ஏனென்று கேட்காமல் பாடிக்கொண்டு போய்விடும். நம் ஆள் கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலையும் அவரே சொல்வார். ஸ-வுக்கும் ரி-க்கும் எத்தனை தூரமோ அத்தனையே ப-வுக்கும் த-வுக்கும். ரி-க்கும் க-வுக்கும் எத்தனையோ அத்தனையே த-வுக்கும் நி-க்கும். மேல் பாதியும் கீழ் பாதியும் அச்சாக ஒன்று, பற்றும் வரவும் போல. இதை கிராஃப் காகிதத்தில் வரைந்து டீச்சருக்கு விளக்கினார். டீச்சரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு மாமா. இப்போ ரி மட்டும் ஒரு தடவை பாடுங்கோ” என்றார். அந்த ரி, வரைபடத்தில் இருந்த இடத்தில் இல்லை.

72 மேளகர்த்தாவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ராகத்தின் பெயரிலேயே அதன் எண் ஒளிந்திருக்கிறது என்ற கடபயாதி ரகசியம் தெரிந்த நாள் முதல் அவர் தூங்கவில்லை. ‘மாயா’வில் ம-வுக்கு 5, ய-வுக்கு 1, திருப்பிப் போட்டால் 15. சரி. ‘மேசகல்யாணி’க்கு 5, 6, திருப்பினால் 65. சரி. ‘கரஹரப்ரியா’வில் வந்து மாட்டிக்கொண்டார். க-வுக்கு 1, ர-வுக்கு 2, திருப்பினால் 21. ஆனால் 21-இல் ஏற்கெனவே கீரவாணி உட்கார்ந்திருந்தது. ஒரே கணக்கு எண்ணில் இரண்டு பேர்! இரண்டு நாள் அல்லாடி, கடைசியில் பக்கத்துத் தெரு சம்ஸ்கிருத வாத்தியாரைப் பிடித்தார். தமிழில் க ஒன்றுதான், அங்கே நாலு. இது இரண்டாவது க, ஆகவே 22 என்று அவர் சொன்ன பிறகுதான் மாமாவுக்கு டாலி ஆனது. இரவு பத்து மணிக்கு டீச்சருக்குப் போன் செய்து இதைச் சொன்னார்.

தாளத்தில் மட்டும் முப்பத்தைந்து வருஷ சர்வீஸ் குறுக்கே நிற்கிறது. ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டி வீசி, தட்டி வீசி, ஆக எட்டு. விரலை எண்ண ஆரம்பித்ததும் அவருடைய கட்டைவிரல் கேஷ் கவுண்ட்டருக்குப் போய்விடும். மூன்றில் நிற்காது. ஒரு நாள் விரல் எண்ணுவதற்கு முன் நாக்கில் தொட்டுக்கொண்டதாக என் பெண் சத்தியம் செய்கிறாள்.

இவரைத் திருத்துவதற்காக டீச்சர் தனியாக ஒரு பாஷையே கண்டுபிடித்திருக்கிறார். பையன்களிடம், “டேய், தாளத்தைக் கோட்டை விடாதே!” என்று தொடையில் ஒன்று போடுவார். இவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? “தாளம் கொஞ்சம் அவசரப்படறது மாமா” என்பார். தப்பு தாளத்தினுடையது, மாமாவுடையது அல்ல. “ஸ்ருதி சித்த தள்ளி நிக்கறது.” “காந்தாரம் வரேன்னு சொல்லிட்டு வரலை.” வெளித் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், யாரோ நாலைந்து பொறுப்பில்லாத ஆசாமிகள் சேர்ந்து மாமாவைத் தொந்தரவு செய்வதாகத்தான் தோன்றும்.

ஒவ்வொரு வகுப்பையும் போனில் பதிவு செய்கிறார். தேதிவாரியாக 200-க்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒன்றையாவது திரும்பக் கேட்டிருப்பாரா என்றால், அதைப் பற்றிப் பேசும்போது அவருக்குச் சட்டென்று வேறு வேலை வந்துவிடும். ஸ்ருதியும் அதே போனில்தான். ஸா பிடித்துக் கண்ணை மூடி லயிக்கிற நேரத்தில் ஸ்ருதி பட்டென்று நின்று, தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண்குரல் கேட்கும். உடனே வைத்துவிட மாட்டார். வட்டி எவ்வளவு என்று விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்.

சிரிக்கிறேனே தவிர எனக்கு யோக்கியதை கிடையாது. எட்டு வயதில் எனக்கும் வயலின் வாத்தியார் வைத்தார்கள். அவர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டதும் எனக்கு வயிற்றுவலி வரும். ஜண்டை வரிசையோடு நின்றுபோனேன். அந்த வயலின் பரண் மேல் இருக்கிறது. மாமா எதற்கும் வயிற்றுவலி என்று சொன்னதில்லை. மழையில் தெரு முழங்கால் தண்ணீரில் மிதந்த அன்றுகூட, டீச்சரே எதிர்பார்க்காதபோது, நோட்டை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

வருகைப்பதிவில் முதல் மார்க். ஆனால் வகுப்பு நகர்வதுதான் கஷ்டம். ஒவ்வொரு விஜயதசமிக்கும் புதுக் குழந்தைகள் வருகின்றன, அவரோடு சரளி பாடுகின்றன, அவரைத் தாண்டிப் போய்விடுகின்றன. மூன்று பாட்சை வழியனுப்பிவிட்டார். என் பெண் மோகன வர்ணத்துக்குப் போனபோது கேட்பரீஸ் வாங்கிக் கொடுத்தார், தனக்கு ஜூனியராக இருந்து மேனேஜர் ஆனவனுக்குப் பார்ட்டி கொடுக்கிற முகத்தோடு.

மார்கழியில் மட்டும் அவர்தான் ராஜா. மியூசிக் அகாடமியில் காலையில் நடக்கும் லெக்டெம் ஒன்றையும் விடமாட்டார். சாயங்காலக் கச்சேரியில் பாடகர் ஆலாபனையை இழுத்து முடிப்பதற்குள் பக்கத்து சீட்டுக்கு ராகத்தின் பெயர், மேளத்தின் எண், வர்ஜ்ய ஸ்வரம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். மேடையில் மிருதங்கக்காரர் ஒரு தாளம், இவர் தொடை ஒரு தாளம். அகாடமி 1928-இல் தொடங்கிய கதையைக் கேன்டீன் வரிசையில் காபி வருவதற்குள் சொல்லி முடிப்பார்.

இத்தனைக்கும் அவர் லட்சியம் மேடை அல்ல. திருவையாறு. ஜனவரி வாக்கில், தியாகராஜர் சித்தியடைந்த புஷ்ய பகுள பஞ்சமியில், காவிரிக் கரையில் வித்வான்களும் மற்றவர்களும் கூட்டமாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவார்களே, அதில் அவரும் ஒரு வரிசையில் உட்கார வேண்டும். “அங்கே அத்தனை பேர் பாடறச்சே என் குரல் தனியா யாருக்குக் கேட்கப் போறது?” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நியாயமான கணக்கு. முதல் வருஷம் வரிசைகள், கீதம். இரண்டாம் வருஷம் வர்ணம். மூன்றாம் வருஷம் பஞ்சரத்னம் என்று திட்டம் போட்டிருந்தார். மூன்று வருஷம் முடிந்தபோது ஜண்டையில் இருந்தார். “கௌளையாவது சொல்லிக் கொடுங்களேன் டீச்சர். நம்ம மாயாமாளவகௌளையோட குழந்தைதானே அது? மூணு வருஷமா அம்மாவோடதான் பழகிண்டிருக்கேன்” என்பார். மூன்றாம் காலம் முதலில் வரட்டும் என்பார் டீச்சர்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. பெரிய பிள்ளைகளுக்கு டீச்சர் வர்ணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மாமா குறுக்கிட்டு, யூடியூபில் ஒரு பெரிய வித்வான் இந்த இடத்தை வேறு மாதிரி பாடுகிறார் என்று போனைத் தூக்கிக் காட்டினார். டீச்சர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு மிக மிக மரியாதையாகக் கேட்டார்:

“மாமா, அடுத்த வாரம் உங்களுக்கு வராளி ஆரம்பிச்சுடலாமா?”

குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. திண்ணையில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஞ்சரத்னத்தில் நாலாவது கீர்த்தனை வராளி. ஆனால் அந்த ராகத்தை குரு சிஷ்யனுக்கு நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் ஆகாமல் போய், உறவே முறிந்துவிடும் என்று சங்கீதக்காரர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. காதால் கேட்டுத்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். 72 மேளம் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்குமா? மாமா போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். நோட்டில் பின்னால் பஞ்சரத்னம் எழுதி வைத்திருந்த பக்கத்தை மூடி, முன்பக்கம் திருப்பினார்.

“வேண்டாம் டீச்சர். எட்டாவது ஜண்டை இன்னும் சரியா வரலை.”

டீச்சர் சிரித்துவிட்டார். ஸ்ருதிப்பெட்டியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். மாமா கண்ணை மூடி ஸா பிடித்தார். வீடு திரும்பும் வழியில் என் பெண்ணிடம், ஸ்ருதி சேர்ந்ததா என்று கேட்டேன். “கிட்டத்தட்ட” என்றாள்.

இந்த விஜயதசமிக்கு அவருக்குத் தாட்டு வரிசை ஆரம்பித்தாயிற்று. வாசலில் எம்.சி.ஆர். செருப்பு இப்போது இரண்டு ஜோடி. உள்ளே நாற்காலியும் இரண்டு. புதிதாக வந்தவர் ரயில்வேயில் இருந்தவராம். இரண்டு கட்டை.