முடிச்சூர் மாமாவுக்கு, பாஸ்டன் மழையிலிருந்து

ஆஷ்லாந்து, மாசசூசெட்ஸ்
22 ஏப்ரல் 2018

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, மாடிப்படியில் இன்னும் பின்பக்கமாகத் திரும்பித்தான் இறங்குகிறேன். "26 மைல் ஓடினியாமே, பஸ் கிடைக்கலையா?" என்று வாட்ஸாப்பில் கேட்டிருந்தீர்கள். அங்கேயே பதில் போட்டால் அத்தை அதைக் குடும்பக் குழு முழுக்கத் தள்ளிவிடுவார், அம்மா காதுக்கும் போய்விடும். அதனால்தான் காகிதமும் பேனாவும்.

பஸ் இருக்கிறது மாமா. வேடிக்கையே அதுதான். பாஸ்டன் நகரத்தின் நடுவில் ஆயிரக்கணக்கான பேரை மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி, ஹாப்கின்டன் என்கிற ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வந்த இடத்துக்கே ஓடிப் போ என்கிறார்கள். இந்த பாஸ்டன் மாரத்தான் ஓட்டம் 1897இலிருந்து நடக்கிறது. பஸ் பின்னால் வந்த வசதி. ஹாப்கின்டன் எங்கள் ஆஷ்லாந்துக்கு அடுத்த ஊர். ஆகவே ஓட்டப் பாதை என் வீட்டுத் தெருமுனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. இது பின்னால் தேவைப்படும்.

இதில் ஆசைப்பட்டவரெல்லாம் ஓடிவிட முடியாது. வேறு மாரத்தானில் அவரவர் வயதுக்குச் சொன்ன நேரத்துக்குள் ஓடிக் காட்டியிருக்க வேண்டும். என்னைப் போன்ற நிதானஸ்தர்களுக்கு ஒரு பின்வாசல் உண்டு: ஏதாவது ஒரு தர்ம ஸ்தாபனத்துக்குக் குறைந்தது 5,000 டாலர் வசூலித்துத் தந்தால் நம்பர் அட்டை கிடைக்கும். ஆஃபீசில் பாதிப் பேரிடம் கையேந்தியாயிற்று. மழை என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் அவர்கள் முகத்தில் விழிக்க முடியுமா?

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 16, திங்கட்கிழமை. இந்த மாநிலத்தில் அன்று பேட்ரியட்ஸ் டே விடுமுறை. காலையில் வெப்பம் 3 டிகிரி அளவுக்குத்தான் இருந்தது. ஃப்ரிட்ஜில் அத்தை தோசை மாவு வைக்கிற தட்டில் நீங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் எதிரே டேபிள் ஃபேனை முழு வேகத்தில் வைக்க, இன்னொருவர் குடம் குடமாக ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பாதை மேற்கிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போகிறது. காற்று கடலிலிருந்து நேராக மூஞ்சியில் அடித்தது. 2011இல் இதே காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளி, கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடத்தில் ஓடி முடித்தாராம். எனக்கென்று வருகிற காற்று எப்போதும் எதிர்க்காற்றுதான், உங்களுக்குத் தெரியாதா.

ஓட்டம் தொடங்கும்வரை காத்திருக்க ஒரு பள்ளிக்கூட மைதானம். கூடாரம் போட்டிருந்தார்கள், வெளியே இருந்த சேறு உள்ளேயும் இருந்தது. அமெரிக்கர்கள் புது ஷூவைப் பார்த்துப் பார்த்துத் தவித்தார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பர் 2. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்து, அடையாறு முடிச்சூருக்குள் புகுந்த காலை. பென்ஷன் புத்தகத்தை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பாலிதீன் பையில் போட்டு, சணலால் இறுக்கி, தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் மேற்குத் தாம்பரம் நோக்கி நடந்தீர்கள். பின்னால் மிக்ஸியோடு நான். அத்தை நகையைக்கூட அவ்வளவு பத்திரமாகக் கட்டவில்லை. இங்கும் அதே வித்தைதான்: அக்கா கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்த தி. நகர்க் கடைக் கவர் இரண்டு, ஷூவுக்கு மேலே மாட்டி, கணுக்காலில் ரப்பர் பேண்டு. பக்கத்தில் நின்ற டெக்ஸாஸ்காரர் எங்கே வாங்கினாய் என்று மரியாதையோடு கேட்டார். பனகல் பார்க் பக்கம் என்றேன்.

நாலாவது அணியாக எங்களை 11.15க்கு விட்டார்கள். மேலே போட்டிருந்த பழைய ஸ்வெட்டர்களை எல்லோரும் கழற்றிச் சாலையோரம் எறிகிறார்கள்; ஏழைகளுக்கு எடுத்துப் போவார்களாம். அன்று பலபேர் எறிய மனசில்லாமல் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர். தெருமுனையிலிருந்து பார்த்தால் வீட்டுச் சமையலறை விளக்கு தெரிந்தது. உள்ளே மிளகு ரசம் இருப்பது எனக்குத் தெரியும், கொதிக்கும்போதுதான் கிளம்பினேன். முனையில் உங்கள் மருமகள் குடையோடு நின்றாள். நான் வேகம் குறைத்ததுமே, "அந்த 5,000 டாலரை யார் திருப்பித் தருவது?" என்றாள். ஊக்கம் கொடுப்பதில் இப்படியும் ஒரு முறை இருக்கிறது. அடுத்து வேவர்லி தெருவில் எங்கள் லட்சுமி கோயில், ஓட்டப் பாதையிலேயே. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நனைந்து கனத்த கையுறை, யாரோ அறைந்த மாதிரி விழுந்தது.

ஃப்ரேமிங்ஹாமில் ரயில் பாதை. கூட்ஸ் கார்டாக இருந்தவர் நீங்கள், இதைக் கேளுங்கள். 1907இல் டாம் லாங்போட்டும் அவரோடு முன்னால் ஓடிய சிலரும் தாண்டியதுதான் தாமதம், ஒரு கூட்ஸ் வண்டி வந்து சாலையை மறித்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் வண்டி போகும்வரை நின்றார்கள், லாங்போட் ஜெயித்தார். குரோம்பேட்டை ராதா நகர் கேட்டில் ஸ்கூட்டரை ஆஃப் செய்துவிட்டு நின்ற யாருக்கும் அவர்கள் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்காவது ஒரு வண்டியோடு முடிந்தது. நமக்கு பீச் லோக்கல் போனதும் செங்கல்பட்டு லோக்கல் வரும்.

பாதி தூரத்தில் வெல்ஸ்லி பெண்கள் கல்லூரி. மாணவிகள் வேலியோரம் நின்று ஊரே அதிரக் கத்துகிறார்கள், முத்தம் வேண்டுமா என்று அட்டை வேறு பிடிக்கிறார்கள். அந்த மழையிலும் நின்றார்கள். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். நம்புங்கள்.

நியூட்டனில் ஏற்றங்கள். கடைசி ஏற்றத்துக்கு ஹார்ட்பிரேக் ஹில் என்று பெயர். 1936இல் ஜானி கெல்லி, முன்னால் போய்க்கொண்டிருந்த டார்சான் பிரவுனை எட்டிப் பிடித்து தோளில் செல்லமாகத் தட்டினார். அந்தத் தட்டில் பிரவுனுக்கு வேகம் வந்து அவரே ஜெயித்துவிட்டார். கெல்லியின் மனம் உடைந்த இடம் அது. உயரம் மொத்தம் 88 அடிதான், சானடோரியம் பச்சைமலை ஏறி வளர்ந்த எனக்கு அது மலையே இல்லை. ஆனால் 20 மைலுக்கு அப்புறம் வருகிறது. பச்சைமலைக்கு நான் சைதாப்பேட்டையிலிருந்து ஓடி வந்ததில்லையே.

முடித்துவிட்டேன் மாமா. நேரம் கேட்காதீர்கள். முடித்ததும் வெள்ளித் தாளில் ஒரு போர்வை போர்த்திவிடுகிறார்கள். விரல் மடங்காததால், பேரனுக்குச் செய்வதுபோல ஒரு பாட்டியம்மா எனக்குப் பொத்தான் மாட்டிவிட்டார். மருத்துவக் கூடாரங்கள் நடுங்குகிறவர்களால் நிரம்பி வழிந்தன. முன்வரிசை வீரர்களே பலர் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

ஜெயித்தது யார் தெரியுமா? ஓர் அரசாங்க குமாஸ்தா! ஜப்பானில் சைத்தாமா என்கிற மாகாணத்தில் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் யூகி கவாவுச்சி. வேலை நேரம் போக மிச்சத்தில் பயிற்சி. இதே மாநிலத்தில் ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 17 டிகிரியில் ஒரு மாரத்தான்; அதை ஓடி முடித்தது அவர் ஒருவர்தான். முந்தின வருடம் ஜெயித்த ஜெஃப்ரி கிருயி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி மைல்களில் குமாஸ்தா தாண்டிவிட்டார். 2 மணி 15 நிமிடம் 58 வினாடி. எனக்கு இதைவிட நல்ல வானிலை கிடையாது என்று சொன்னாராம். 1976க்குப் பிறகு இவ்வளவு மெதுவாக யாரும் ஜெயித்ததில்லை. அந்த வருடம் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட, வழியெல்லாம் ஜனங்கள் ரப்பர் குழாயில் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறார்கள்.

பெண்களில் டெஸ் லிண்டன். 33 வருடத்துக்குப் பிறகு ஓர் அமெரிக்கப் பெண். ஆரம்பத்திலேயே விலகிவிடலாம் என்று நினைத்தவர், சரி போகிற வழியில் சக வீராங்கனை ஷலேன் ஃப்ளானகனுக்காவது உதவுவோம் என்று, அவர் கழிப்பறைக்குப் போய் வரும்வரை வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, கடைசியில் தானே ஜெயித்துவிட்டார். இரண்டாவது வந்தவர் சாரா செல்லர்ஸ், அரிசோனாவில் மயக்கமருந்து நர்ஸ். நுழைவுக் கட்டணம் கைக்காசு. பரிசு 75,000 டாலர்.

வானம் நன்றாக இருந்தால் கைதேர்ந்தவர்கள் ஜெயிப்பார்கள். வானம் கெட்டால் ஆஃபீஸ் போகிறவர்கள் கை ஓங்கிவிடுகிறது என்பது என் கட்சி. வர்தா புயல் அடித்த மறுநாள் தாம்பரம் பிளாட்ஃபாரத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்ற கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். வண்டி வருமா என்று யாரும் கேட்கவில்லை, எத்தனாவது பிளாட்ஃபாரம் என்றுதான் கேட்டார்கள். அவர்களில் நாலு பேரைப் பிடித்து ஹாப்கின்டனில் இறக்கி, பாஸ்டனில் கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கிறது, பத்து மணிக்கு மூடிவிடுவார்கள் என்று சொன்னால் போதும்.

மே மாதம் செலையூர் நண்பர் ஒருவர் இங்கே வருகிறார். அவரிடம் வாதகேசரித் தைலம் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் கட்டினால்தான் கசியாது. பென்ஷன் புத்தகம் கட்டிய மாதிரி மூன்று பை. வாங்கக் காலை எட்டு மணிக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள், வெயில் ஏறிவிடும். தைலம் யாருக்கு என்று அம்மா கேட்டால் இங்கே ஆஃபீஸில் ஒரு பெரியவருக்கு என்று சொல்லவும்.

அன்பு மருமகன்,
செந்தில்