18 டிகிரி மேலாளர்

சென்னை மே மாதத்தில் கோட்டு போட்டுக்கொண்டு அலுவலகம் வரும் மேலாளரை உங்களுக்குத் தெரியும். காரிலிருந்து லிஃப்டுக்குள் போவதற்குள் நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே வந்ததும் கை தேடுவது ஏசி ரிமோட்டை. யாராவது 24-இல் வைத்திருந்தால், கணக்கில் கையாடல் கண்ட முகத்தோடு 18-க்கு இறக்குவார். கழிப்பறைக்குப் போனாலும் ரிமோட் கோட்டின் உள்பாக்கெட்டில் கூடவே போகும். அந்த ஐந்து நிமிடத்தில் புரட்சி வெடித்துவிடக் கூடாதே! ஊரில் மற்றவர்கள் வெயிலைப் பார்த்துத் துணி எடுக்கிறார்கள். இவர் துணியைப் போட்டுக்கொண்டு, அதற்கேற்ற பருவத்தை வரவழைக்கிறார்.

இதை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிட முடியாது. உடை எவ்வளவு கதகதப்புத் தரும் என்று அளக்க ‘க்ளோ’ என்றோர் அலகு உண்டு. 1941-இல் அதை வகுத்தவர்கள் 1 க்ளோ என்று வைத்தது, 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இதமான உடையை. அதாவது, ஏறக்குறைய நம் மேலாளரின் முழு சூட்டை. மெல்லிய காட்டன் சட்டையும் பேண்ட்டும் அதில் பாதிதான் தேறும். அவருக்குச் சுகமான குளிரில் மற்றவர்களுக்குப் பல் தந்தியடிப்பது கணக்குப்படி சரியே. கத்திரி வெயிலில் கைத்தறிச் சேலை கட்டி வந்தவர், மேசை டிராயரில் கம்பளிச் சால்வை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

18-இல் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்பார் மேலாளர். சாதாரண ஏசியின் கம்ப்ரஸருக்கு ஒரே வேகம்தான். 18 என்பது அது நிற்க வேண்டிய இடம், அவ்வளவே. வருகிறவர்கள் மதிக்க வேண்டாமா என்பார். மரியாதைக்குப் பேர்போன ஜப்பானில் அரசே 2005-இல் ‘கூல் பிஸ்’ என்று கோட்டையும் டையையும் கழற்றச் சொல்லி, கோடையில் அலுவலக அறையை 28 டிகிரியில் வைக்கச் சொன்னது. பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் வந்து நின்றார். வேட்டியை உள்ளே விடாத மன்றங்களுக்கு எதிராக 2014-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது. கோட்டைக் கழற்ற வைக்கத்தான் சட்டமில்லை. நல்ல கோட்டுதான், மறுக்கவில்லை. மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் ஏசியை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். கரண்ட் பில் ஏறிவிட்டது, சிக்கனத்துக்கு யோசனை சொல்லுங்கள் என்று மாதாமாதம் சுற்றறிக்கை விடுவதும் இதே மனிதர்தான். கழற்றி நாற்காலியில் மாட்டுங்கள் ஐயா, நாற்காலிக்கு வேர்க்காது.