‘சின் டவுன்’: வீட்டுச் சுவரும் ஸ்டூடியோ திரையும் குறித்த ஓர் ஒப்பாய்வு

அறுபதாம் கல்யாணம் நெருங்கும் வீடுகளில் ஒரு வினா தவறாமல் எழும். நல்லதாக ஒரு படத்தைக் கூடத்திலேயே எடுத்துக்கொள்வதா, ஸ்டூடியோவுக்குப் போய்க் காசு கொடுப்பதா? ‘நம்ம பையன்கிட்டதான் கேமரா இருக்கே’ என்ற தரப்பும் ‘அவன் எடுத்த லட்சணம் தெரியாதா’ என்ற தரப்பும் பலகாலமாக மோதியும், இந்த விவகாரம் இன்னும் ஆய்வுலகத்தின் கண்ணில் படவில்லை.

முதலில் இடம். 85 மி.மீ. லென்சுதான் உருவப்படத்துக்கு உகந்தது என்பது தொழிலில் இருப்பவர்களின் பொதுக் கருத்து. முழுச்சட்டக் கேமராவில் அதை மாட்டி, நிற்கும் ஆளை உச்சி முதல் பாதம் வரை அடக்க வேண்டுமானால் சுமார் 5 மீட்டர் பின்வாங்க வேண்டும். நிழல் திரையில் விழாதிருக்க, ஆள் திரையைவிட்டு ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் படமெடுப்பவருக்கும் ஓர் உடம்பு உண்டு. வீட்டுக் கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான். கூட்டினால் 7 மீட்டர், அதாவது 23 அடி. நம் படுக்கையறையோ பத்துக்குப் பத்து. முறைப்படி எடுப்பதானால் மகன் அடுத்த வீட்டுச் சமையலறையில் போய் நிற்க வேண்டும். தோளுக்கு மேல் போதும் என்று குடும்பம் இறங்கிவந்தால், அதே அறையில் மூலைக்கு மூலை நின்று சமாளிக்கலாம்.

கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடியில் எடுத்த படத்தில் இருப்பதைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்குக் காட்டியது. குற்றம் மூக்கினுடையது அல்ல, தூரத்தினுடையது. பெண் பார்க்க அனுப்பும் படத்தில் இந்த நுணுக்கத்தை யார் விளக்கிக்கொண்டிருப்பது?

அடுத்தது வெளிச்சம். சிறிய விளக்கின் ஒளி, தூரம் இரட்டித்தால் கால்பங்காகக் குறையும். ஆகவே ஒற்றை ஃப்ளாஷை நம்பி எடுத்த குடும்பப் படத்தில் முன்வரிசை மாமா சுண்ணாம்பாக வெளுக்க, பின்வரிசைச் சித்தப்பா அமாவாசையில் கரைந்துபோகிறார். இதற்குப் பரிகாரம் வீட்டிலேயே இருக்கிறது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்தில், காசி வீட்டு முற்றத்தின் அரங்குக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் பட்டுத் தெறிக்கவிட்டுப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவந்தார். எட்டு முழ வேட்டிக்கு உலக சினிமாவில் இவ்வளவு கௌரவமான முன்னுதாரணம் உண்டு என்று அதைக் கட்டுபவர்களுக்கே தெரியாது.

இடமும் வெளிச்சமும் சரியானால் வீடே வென்றிருக்க வேண்டும். வெல்வதில்லை. ஏன் என்பதற்கு ஜூலியா மார்கரெட் கேமரூனைப் பார்க்க வேண்டும். கல்கத்தாவில் பிறந்து இலங்கையில் மறைந்த இந்த அம்மாளுக்கு 48 வயதில் மகள் தந்த பரிசுதான் முதல் கேமரா. இங்கிலாந்தின் வைட் தீவில், வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாக்கி, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூண்டை ஸ்டூடியோவாக்கிக்கொண்டார். வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் அவர் படங்களில் மாதாவானார். அண்டைவீட்டுக் கவிஞர் டென்னிசன், தம் விருந்தாளி லாங்ஃபெலோவை அங்கே விட்டுவிட்டு, அந்த அம்மாள் சொல்வதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எச்சரித்துப் போனாராம். கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆனதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது: ஆளை ஆட்டிவைக்கும் அதிகாரம்.

நம் வீட்டில் அது யாருக்கு இருக்கிறது? மகன் ‘அப்பா, கொஞ்சம் சிரிங்க’ என்றால் ‘எல்லாம் இது போதும்டா’ என்று பதில் வரும். அம்மா, அடுப்பில் பால் இருப்பதாக எழுந்து போவார். அதே அப்பா ஸ்டூடியோவில், பல்லுதிர்ந்த பொதுச்சீப்பால் தலைவாரி, முன்பின் தெரியாத இளைஞன் ‘சின் டவுன் சார், தோளை எறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க’ என்றதும் மறுபேச்சின்றி இறக்குகிறார். அவன் தாடையைத் தொட்டுத் திருப்பினால்கூடக் கோபம் வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டு ஸ்டூடியோக்களில் ஆள் அசையாதிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி வைத்திருந்தார்கள். அந்த வேலையை இன்று குரல் பார்க்கிறது. கட்டணம் குடைவிளக்குக்கும் திரைக்கும் என்று நினைத்துத்தான் வீட்டுத் தரப்பு விளக்கு வாங்கப் போகிறது. கீழ்ப்படிதலை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இந்த முடிவுக்கு ஒரே விதிவிலக்கு நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். பாஸ்போர்ட்டுக்கான படத்தையே எடுத்துக்கொள்வோம்: பெரியவர்களைப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படமெடுத்துவிடுகிறார்கள். குழந்தைக்கு மட்டும் வெள்ளைப் பின்னணியில் 4.5 × 3.5 செ.மீ. படம் கையோடு கொண்டுபோக வேண்டும். இந்த வயதினரிடம் எந்த அந்நியனின் அதிகாரமும் செல்லாது. ஸ்டூடியோ முக்காலியில் அழுகைதான் பதிவாகும். கைக்குழந்தை என்றால், பால் குடித்துத் தெளிந்திருக்கும் வேளையில் சன்னலோரம் பாயில் படுக்கவைத்து, நிழல் விழாதபடி நேர் மேலிருந்து சளைக்காமல் எடுத்துக்கொண்டே இருக்கலாம். விரிக்கிற போர்வையில் மட்டும் பூப்போட்டிருக்கக் கூடாது.