மூளை உள்ள வண்டியும் முரட்டு வண்டியும்

(பைபாஸ் ஓரம், புளியமர நிழல். புது பைக்கோடு மருமகன் நிற்கிறான். பழைய புல்லட்டில் மாமா வந்து இறங்குகிறார்.)

மாமா: என்ன மாப்ளே, மீட்டரையே மொறைச்சுக்கிட்டு நிக்கிறே?

மருமகன்: எஞ்சின் விளக்கு எரிஞ்சுது மாமா. வண்டி நின்னுருச்சு.

மாமா: என்ன கோளாறாம்?

மருமகன்: அதைச் சொல்லாது. கோளாறு இருக்குன்னு மட்டும் சொல்லும்.

மாமா: தோஷம் இருக்குன்னு சொல்லிட்டு, பரிகாரத்துக்குத் தனியா காசு கேக்குற ஜோசியர் கணக்கால்ல இருக்கு!

மருமகன்: உள்ளே இ.சி.யு.ன்னு ஒரு மூளை இருக்கு மாமா. ஆக்சிஜன் சென்சார், த்ராட்டில் சென்சார், எஞ்சின் சூட்டைப் பாக்குற சென்சார் எல்லாம் அதுக்குத் தகவல் கொடுக்கும். ஏதாவது பிசகினா எர்ரர் கோடு பதிவாகும். ஸ்கேனரை மாட்டினா தெரிஞ்சுடும்.

மாமா: ஸ்கேனர் எங்கே?

மருமகன்: ஷோரூம்ல.

மாமா: ஷோரூம்?

மருமகன்: இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.

மாமா: சரி, கிக்கரை மிதிச்சுப் பாரு.

மருமகன்: இந்த மாடல்ல கிக்கர் கிடையாது.

மாமா: நம்ம புல்லட் நின்னா மூணே கேள்விதான். பெட்ரோல் வருதா, காத்து வருதா, பொறி வருதா? பிளக்கைக் கழட்டி ஹெட்டுல வச்சு மிதி. பொறி வந்தா கார்புரேட்டரைப் பாரு. வரலேன்னா பாயிண்டைப் பாரு. அதைத் தேய்க்க உப்புத்தாள் ஒரு துண்டு போதும்.

மருமகன்: அதான் உப்புத்தாள் இல்லாம நீங்க வெளியவே கெளம்புறதில்லே! என் நிச்சயதார்த்தத் தட்டைக்கூட கரிக் கையோடதானே வாங்கினீங்க?

மாமா: அன்னைக்கு கார்புரேட்டர் ஜெட்டுல தூசி மாப்ளே.

மருமகன்: ஸ்டார்ட் பண்றதே ஒரு யாகம். ஆம்பியர் முள் நடுவுல நிக்கணும், டீகம்ப்ரெஸரை இழுக்கணும், அப்புறம் மிதிக்கணும். பிசகினா கிக்கர் திருப்பி அடிக்கும். அடிக்கடி கெட்டதாலதான் மாமா உங்க காலத்துல எல்லாரும் மெக்கானிக் ஆனீங்க!

மாமா: நாங்க கெட்டதைச் சரி பண்ணினோம். நீங்க அப்பாயிண்ட்மென்ட் வாங்குறீங்க.

மருமகன்: நீங்க விட்ட புகையையும் சொல்லுங்க. 2020 ஏப்ரல் 1ல பி.எஸ். 6 புகை விதி வந்தப்ப பெட்ரோல்ல கந்தகத்தையே பத்து லட்சத்துக்கு 50 பங்குல இருந்து 10 பங்காக் கொறைச்சாங்க. பழைய கார்புரேட்டரால அந்தப் புகைக் கணக்குக்கு ஈடு கொடுக்க முடியலே, பெரும்பாலான வண்டிக்கு இன்ஜெக்ஷனும் அதை நடத்துற இ.சி.யு.வும் வந்துச்சு. டி.வி.எஸ். எக்ஸ்.எல். கூட மாறிருச்சே!

மாமா: வாழைத்தார் சுமக்கிற எக்ஸ்.எல்.லுக்குமா மூளை வச்சுட்டாங்க?

மருமகன்: மூளை நல்லதுதானே மாமா?

மாமா: நல்லதுதான். ஆனா காசு கொடுத்தது நீ. அது பேசுறது மட்டும் ஏன் ஷோரூம்காரனுக்குக் கேக்குது?

மருமகன்: (கொஞ்சம் யோசித்து) அமெரிக்காவுல கொலராடோ விவசாயிகளும் டிராக்டர் விஷயத்துல இதைத்தான் கேட்டாங்க. உதிரி பாகம், மேனுவல், மென்பொருள், கருவி எல்லாத்தையும் கம்பெனி கொடுத்தாகணும்னு 2023ல அங்கே சட்டமே போட்டாங்க.

மாமா: பாத்தியா! ஸ்பேனரைப் பிடுங்கினா எந்த ஊரு விவசாயிக்கும் கோவம் வரும்.

மருமகன்: அதுக்காக சென்சாரையே தூக்கி எறிய முடியாது மாமா.

மாமா: எறியச் சொல்லலே. வண்டி வாங்கப் போறப்ப மைலேஜ் கேக்குறே, புளூடூத் கேக்குறே. இந்தக் கோடைப் படிக்கிற கருவி நம்ம ஊரு பட்டறைக்குக் கிடைக்குமான்னு இனிமே கேளு. கிடைக்காதுன்னு சொன்னா, முழு விலைக்குப் பாதி வண்டியைத்தான் விக்கிறான்னு அர்த்தம்.