பாக்குவெட்டிச் சித்தப்பா

யாராவது "தலை வலிக்கிறது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஒருவர் எழுந்து உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வருவார். உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம், பெரியப்பாவாக இருக்கலாம். எங்கள் வீட்டில் சித்தப்பா.

அந்த டின்னுக்குள் குடும்பத்தின் நோய் வரலாறே இருக்கிறது. முழு அட்டை ஒன்றுகூடக் கிடையாது. கால் அட்டை, அரை அட்டை, ஒற்றை மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு. அஞ்சு நாள் சாப்பிடச் சொன்ன ஆன்டிபயாட்டிக்கை ரெண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தி, மிச்சம் பிடித்த மூன்று மாத்திரையும் அதில் உண்டு. காலாவதித் தேதி அச்சான ஓரம் மட்டும் எந்தத் துண்டிலும் இருக்காது. கேட்டால், "மாத்திரை என்ன தயிரா, புளிச்சுப் போறதுக்கு?" என்பார்.

சித்தப்பா கஞ்சர் இல்லை. பேத்தியின் காதுகுத்துக்கு ஊரைக் கூட்டிச் சோறு போட்டவர். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும்தான் அவர் கை மூடிக்கொள்ளும். "நகை வாங்கினா நகை இருக்கும். டாக்டருக்குக் குடுத்தா என்னடா இருக்கும்? ஒரு சீட்டு, அதுவும் படிக்க முடியாது" என்பது அவர் கட்சி.

எங்கள் பேட்டை டாக்டருக்கு 300 ரூபாய் ஃபீஸ். ஏழு நாளைக்குள் மறுபடி வந்தால் ஃபீஸ் இல்லை. இந்த ஏழு நாள் சலுகையைச் சித்தப்பா அளவுக்கு யாரும் ஆராய்ந்திருக்க மாட்டார்கள். பேரனுக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு, அவன் பள்ளிக்கூடம் போய் மைதானத்தில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாலும் ஏழாம் நாள் மாலை போய்த்தான் ஆகவேண்டும். போகாவிட்டால் நஷ்டம். கூடவே சித்தியும் வருவார். பேரனின் சீட்டை நீட்டிவிட்டு, "வந்ததே வந்தோம்..." என்று ஆரம்பிப்பார். அந்த ரெண்டு வார்த்தை காதில் விழுந்ததும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்குள் சித்தியின் முட்டி மேஜைக்கு அருகே வந்திருக்கும்.

கல்யாணங்களிலும் இதே வேட்டைதான். சம்பந்தி வீட்டில் ஒரு டாக்டர் உண்டு என்று தெரிந்தால் மொய்யில் நூறு ரூபாய் கூட்டி எழுதுவார். பந்தியில் எப்படியோ அவருக்குப் பக்கத்து இலை கிடைத்துவிடும். ஒரு தடவை ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில், வேட்டியைச் சற்றே தூக்கிக் கணுக்கால் வீக்கத்தைக் காட்டினார். "நான் பல் டாக்டர் சார்" என்றார் அவர். சித்தப்பா வேட்டியை இறக்கிவிட்டு வாயைத் திறந்தார்.

பாக்குவெட்டி என்ற பட்டம் வந்தது சர்க்கரை வியாதியால். டாக்டர் எழுதியது 500 மில்லிகிராம் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஓய்வு பெறும்வரை ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர் இல்லையா? 500 ரெண்டு வாங்குவதைவிட 1000 ஒன்று வாங்குவது மலிவு என்று கண்டுபிடித்துவிட்டார். பாட்டி விட்டுப்போன பாக்குவெட்டி பரணிலிருந்து இறங்கியது. தினம் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, குறி பார்த்து 'டக்' என்று வெட்டுவார். பாதி வாய்க்கு, பாதி டின்னுக்கு. தரையில் சிதறிய தூளைக்கூட விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொள்வார்.

அது வயிற்றுக்குள் மணிக்கணக்காக மெள்ள மெள்ள மருந்தை விடும்படி செய்த மாத்திரை. வெட்டினால் அந்த ஏற்பாடே கெட்டு, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். விஷயம் தெரிந்து டாக்டர் பதறிப்போய், காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப பிரஷர் மாத்திரையை வெட்டலாமா?" என்றார். நடுவில் கோடு போட்டதாக இருந்தால் கேட்டுவிட்டு வெட்டலாம் என்று டாக்டர் அலுத்துப்போய்ச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து மருந்துக்கடையில் லென்ஸ் வைத்துக் கோடு தேடுகிறார்.

சிரிக்கிற நமக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த லென்ஸால் அவர் இன்னொன்றையும் படிக்கிறார்: அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்தமாதிரி அச்சாகியிருக்கும் மருந்தின் சொந்தப் பெயரை. முன்பக்கம் இருப்பது கம்பெனி வைத்த செல்லப் பெயர், காசு அதற்குத்தான் என்பது அவருக்கு எப்போதோ விளங்கிவிட்டது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்பட்டதிலிருந்து இதைத்தானே செய்கிறது? சொந்தப் பெயரில் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தாங்களும் கழகம் அமைத்துக்கொண்டன. நம் வீடுகளில்தான் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. சொந்தப் பெயர் மருந்தை மலிவாக விற்க மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008-இல் வந்தது. 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் ஒரே நாளில் ஆயிரம் இடங்களில் திறந்தபோது, சித்தப்பா எங்கள் பகுதிக் கடை வாசலில் ஷட்டர் தூக்கும் முன்பே நின்றார். மலிவு மருந்து வேலை செய்யாது என்று சொல்லும் என்னைப் போன்ற படித்தவர்கள், அதே மருந்துக்குப் பல மடங்கு கொடுத்துவிட்டுப் பெருமையாகப் பை தூக்கி வருகிறோம்.

ஆனால் சித்தப்பாவை ரொம்பவும் புகழவும் முடியவில்லை. முழு உடல் பரிசோதனைக்கு வருமான வரியில் 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று தெரிந்த நாள் முதல், மார்ச் கடைசி வாரம் தவறாமல் வெறும் வயிற்றோடு லேபில் போய் நிற்கிறார். 2,000 ரூபாய் பரிசோதனை. வரியில் 416 ரூபாய் மிச்சம். ரசீதை அன்றைக்கே வாங்கி ஃபைலில் கோத்துவிடுவார். ரிப்போர்ட் வாங்க இதுவரை போனதில்லை. புது வரி முறைக்கு மாறினால் உங்களுக்கு வரியே வராது என்று ஆடிட்டர் சொல்லிப் பார்த்தார். "அப்ப பரிசோதனைக்குக் கழிவு?" "அது கிடையாது சார், ஆனா வரியும் கிடையாதே." யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் கதை தனி. தலைக்கு மேல் கையைப் போட்டுக் காதைத் தொடச் சொன்ன காலம். தொட்டுவிட்டதால் ரெண்டு வயது கூட்டி எழுதிக்கொண்டார். அதனால் ரெண்டு வருஷம் முன்னதாக ரிடையர் ஆக வேண்டி வந்ததென்று அந்த மனுஷரைச் சித்தப்பா திட்டாத நாளில்லை. 2024 அக்டோபரில், 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு என்று மத்திய அரசு தொடங்கியதும் ஏச்சு நின்றது. "என்ன தீர்க்கதரிசி!" என்று வாத்தியாரை மெச்சிக்கொண்டு, தன் முட்டி மாற்று ஆபரேஷனைச் சர்ட்டிபிகேட்படி எழுபது ஆகும் ஆனி மாதத்துக்குத் தள்ளி வைத்தார். அதுவரைக்கும் கோடாலித் தைலம்.

சொந்தமாக ஒரு பாலிசி எடுக்க வைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"ஒண்ணும் ஆகலைன்னா கட்டின பணம்?"

"ஒண்ணும் ஆகலையேன்னு சந்தோஷப்படுங்க சித்தப்பா."

"அதுக்கு எதுக்குடா பணம் கட்டணும்?"

கட்டிய பிறகோ, பாலிசிப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தது எங்கள் வம்சத்திலேயே அவர் ஒருவர்தான். 3 லட்ச ரூபாய் பாலிசி. ரூம் வாடகை அதில் ஒரு சதவீதம், அதாவது நாளைக்கு 3,000. சித்திக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று வந்தபோது, பெங்களூரிலிருந்து ஓடிவந்த மகன் 6,000 ரூபாய் தனி ரூம்தான் வேண்டும் என்றான். "மூவாயிரத்தை நான் போடுறேன்பா."

"மூவாயிரத்தோட முடிஞ்சா பரவால்லடா. பாதி ரூமுக்குத்தான் உனக்குத் தகுதின்னு சொல்லி, சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை எல்லாத்துலயும் பாதிதான் தருவான்."

மகன் நம்பவில்லை. காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண், "அங்கிள் சொல்றது கரெக்ட்" என்றாள். ரெண்டு பேர் தங்கும் ரூமே எடுத்தோம். பக்கத்துக் கட்டில் அம்மாள் செங்கல்பட்டுக்காரர். சித்தியும் அவரும் மூன்று நாளில் இருபது வருஷத்து மருமகள் கதைகளைப் பேசித் தீர்த்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில் வந்ததும் யாரும் சொல்லாமலே எல்லாக் கையும் அதைச் சித்தப்பாவிடம் நீட்டின. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தவர், கையுறையில் வந்து நின்றார். "நாற்பது ஜோடியா? உள்ள என்ன, கிரிக்கெட் டீமா இருந்துது?" கையுறைக்கும் பஞ்சுக்கும் காப்பீட்டில் தனியாகக் காசு தரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மணி நேரம் எந்தெந்த கவுன்டரில் என்னென்ன பேசினாரோ, பிரிக்காத கையுறை, சிரிஞ்சு, குளுக்கோஸ் பாட்டில் எல்லாவற்றையும் மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1,140 ரூபாயை விசிறிபோல் பிரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வாசலில் ஆட்டோக்காரர் 200 கேட்டார். சித்தப்பா, வயிற்றில் தையலோடு நின்ற சித்தியைத் திரும்பிப் பார்த்தார். "எதிர்ல பஸ் ஸ்டாப்புதான். லேடீஸுக்கு ஃப்ரீ பஸ் வரும். உனக்கு டிக்கெட்டே கிடையாது."

சித்தி அவர் கையிலிருந்த நோட்டுகளை உருவிக்கொண்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். "நீங்க டிக்கெட் எடுத்துட்டு வாங்க" என்றார்.