மருமகள் மீது பழியா?

கேள்வி: என் பேரனுக்கு ஆட்டிசம். மருமகள் வளர்த்த விதம்தான் காரணம் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?

பதில்: சுத்தப் பொய். ஒரு காலத்தில் அமெரிக்காவில் நிபுணர்களே தாயின் பாசக்குறைவு என்று பழிபோட்டார்கள். அந்தப் பழியைத் துடைக்க இரட்டைப் பிள்ளைகள் சாட்சிக்கு வந்தார்கள்! 1977இல் பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையில் உருவான, அதாவது ஒரே மரபணுக்களைக் கொண்ட 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படியில்லை. மரபணுவின் கைவரிசை அம்பலமாயிற்று. சூழலுக்கும் பங்குண்டு; உதாரணமாக, கர்ப்பகாலத்தில் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து அபாயத்தைக் கூட்டும் (டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது). தடுப்பூசிக்குச் சம்பந்தமே இல்லை. உறவினர்களுக்குப் பேச ஆசையென்றால், வந்து பேரனோடு பேசச் சொல்லுங்கள்; அவனுக்கும் நல்லது, மருமகளுக்கும் நிம்மதி.